மொட்டை மாடியா, அகழியா, ஏரியா, கேமராவா? வேலூரில் பறவை வரையத் தொடங்குபவருக்கு

பறவை வரைய ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது பென்சிலைப் பற்றியோ தாளைப் பற்றியோ இருப்பதில்லை. "கேமரா இல்லாமல் முடியுமா?" என்பார்கள். அடுத்த கேள்வி, "காவேரிப்பாக்கம் ஏரி வரைக்கும் போகணுமா, இல்லை அமிர்தி பூங்காவில் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதுமா?" கேள்வி எப்படி வந்தாலும் விஷயம் ஒன்றுதான்: எதைப் பார்த்து வரைவது? பூஜாடி மாதிரி பறவை அசையாமல் இருக்காது. நீங்கள் தலையை வரைந்து முடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். அதனால் எதை வரைவது என்பதைவிட எங்கிருந்து, எதன் வழியாகப் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வேலூரில் இருப்பவருக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. வீட்டு மொட்டை மாடி, கோட்டை அகழிக்கரை, ஊருக்கு வெளியே உள்ள ஏரிகள், புகைப்படம், கூண்டுப் பறவை. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற ஆள் உண்டு. வெளியே சொல்லாத செலவும் உண்டு.

எதை வைத்து எடை போடுவது

பறவை எவ்வளவு நேரம் கண்முன் இருக்கும், போனாலும் திரும்பி வருமா என்பதுதான் என் முதல் அளவுகோல். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. அபூர்வமான பறவையை ஒரே ஒரு முறை பார்ப்பதைவிட, சாதாரண மைனாவைத் தினமும் பார்ப்பவர் சீக்கிரம் வரையக் கற்றுக்கொள்வார். கழுத்து எங்கே முடிகிறது, இறக்கை எங்கே தொடங்குகிறது, கால் உடம்பின் எந்த இடத்திலிருந்து இறங்குகிறது என்பதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கைக்குப் பிடிபடும்.

இரண்டாவது, தூரம். வெறும் கண்ணுக்குக் கண்ணும் அலகும் தெரிகிற தூரமா, வெறும் உருவம் மட்டும் தெரிகிற தூரமா? மூன்றாவது, வாரத்தில் எத்தனை நாள் முடியும் என்பது. நான்காவது, செலவு. கடையில் கொடுக்கும் பணத்தோடு பெட்ரோல், நேரம், முதுகுவலி, பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகப் பார்வை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஐந்தாவது, பறவை இயல்பாக இருக்கிறதா என்பது. பயந்த பறவையும் சலித்துப்போன பறவையும் உடம்பை வேறு மாதிரி வைத்திருக்கும். அது படத்தில் தெரியும்.

கடைசியாக வெயில். வேறு ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது ஓரமாக எங்காவது வரும். நம்மூரில் அப்படி விட முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை எட்டு மணிக்கு மேல் திறந்த வெளியில் உட்கார்ந்து வரைவது வீண் வீரம். பறவைகளே அந்த நேரத்தில் நிழலுக்குப் போய்விடும்.

மொட்டை மாடி, ஜன்னல்

இதை யாரும் மதிப்பதில்லை. "காக்கா, மைனாதானே வரும்?" என்பார்கள். ஆமாம், காக்காவும் மைனாவும்தான் வரும். அதுதான் இதன் பலமே.

சாப்பிடுவதற்கு முன் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடு என்றால், ஏறக்குறைய அதே நேரத்துக்கு, அதே கைப்பிடிச் சுவருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் காகம் வந்து நிற்கும். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு ஒழுங்காக வரும் பறவை வேறெங்கும் கிடைக்காது. வீட்டுக் காகத்தின் கழுத்துச் சாம்பல் நிறமும் உடம்பின் கருப்பும் சேரும் இடத்தை வரைந்து பாருங்கள். கருப்புப் பறவைக்கு நிழல் போடுவது உண்மையில் வெளிச்சத்தை விட்டுவைக்கிற வேலை என்பது தெரியவரும். இறக்கை இறகுகளில் எங்கே பளபளப்பு விழுகிறதோ, அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் போதும், மீதி தானாக உருண்டு நிற்கும்.

இங்கே வரும் மற்றவற்றையும் குறைவாக நினைக்க வேண்டாம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தரையில் குதித்துக்கொண்டே இருக்கும். ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். பாதி வரைந்ததை அடுத்ததைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். செம்பருத்தியோ முருங்கையோ இருந்தால் தேன்சிட்டு வரும், ஆனால் அது ஆரம்பக்காரருக்கு இல்லை. அரை நொடி கூட நிற்காது.

செலவு என்று பார்த்தால் ஒரு 2பி பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒரு ட்ராயிங் நோட்டு. ஐந்நூறு ரூபாய்க்குள் எல்லாமே முடிந்துவிடும். பேனாவைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. வேர்வைக் கை பட்டால் மென்மையான பென்சில் கோடு இழுபட்டுத் தாள் முழுக்கக் கரியாகிவிடும். பால்பாயிண்ட் அப்படி ஆகாது. அழிக்கவும் முடியாது என்பதால், அழித்துக்கொண்டே உட்காராமல் பக்கத்தில் புதிதாக இன்னொன்று வரையப் பழகுவீர்கள்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று சலிப்பு. நாலைந்து வாரத்தில் "மறுபடியும் காக்காவா" என்று தோன்றும். மற்றது, மாடியில் பைனாகுலரை எடுத்தால் வரும் வம்பு. எதிர்வீட்டுப் பக்கம் வேப்பமரத்தில் நீங்கள் மரங்கொத்தியைத்தான் பார்க்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்? மாடியில் வெறும் கண்ணே போதும். பைனாகுலர் உள்ளேயே இருக்கட்டும்.

யாருக்கு ஏற்றது: ஷிப்டு வேலைக்காரர்கள், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள், வெளியே தனியாகப் போக வசதிப்படாதவர்கள், அப்புறம் இதுவரை ஒரு பறவை கூட வரைந்திராத எல்லோரும்.

கோட்டை அகழிக்கரை

அகழியில் தண்ணீர் இருக்கும் காலத்தில் வேலூருக்குள்ளேயே பறவை வரைய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நகரத்துக்கு நடுவில் இருப்பதால் இங்குள்ள பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழகிவிட்டது. ஏரியில் ஆள் நெருங்கினால் எழுந்து பறக்கிற மடையான் என்கிற குளத்துக் கொக்கு, இங்கே நடைப்பயிற்சிக்காரர்கள் போய்க்கொண்டிருக்கும்போதே கல்மேல் நிற்கும்.

ஆரம்பக்காரருக்கு மடையானைப்போல ஒரு பறவை இல்லை. மீனுக்காக நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்கும். கழுத்தை உள்ளிழுத்து நிற்கும்போது முட்டை வடிவம், நீட்டினால் வேறு பறவை. இந்த இரண்டு நிலையையும் ஒரே பக்கத்தில் வரைந்தாலே கொக்கு இனத்தின் கழுத்து எப்படி மடிகிறது என்பது புரிந்துவிடும். நீர்க்காகம் இன்னொரு வரம். முங்கி எழுந்து வந்து, இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். பறக்கும் பறவையின் இறக்கை அமைப்பை, பறக்காமலே காட்டுகிறது. வெண்மார்பு மீன்கொத்தி அப்படி நிற்காது, ஆனால் ஒரே கிளைக்கு, ஒரே கம்பிக்குத் திரும்பத் திரும்ப வரும். அது பறந்து போனதும் பென்சிலைக் கீழே வைக்காமல் காத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இங்கே உதவும் ஒரு முறை: ஒரு பக்கத்தில் ஒரே படம் என்று தொடங்கக் கூடாது. பறவை திரும்பினால், இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புது நிலையைத் தொடங்குங்கள். பழைய நிலைக்கு அது மறுபடி வந்தால் பழைய படத்துக்குப் போங்கள். ஐந்தாறு அரைகுறைப் படங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் போடவேண்டியது அலகு நுனியிலிருந்து வால்வரை உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஒரு கோடு, அதன்மேல் ஒரு முட்டை, அதன்பின் தலை. இறகு, கோடு, புள்ளி எல்லாம் கடைசியில்தான். "முழங்கால் பின்பக்கம் மடிகிறதே" என்று குழம்புபவர்களுக்கு: நாம் பார்க்கும் அந்த மடிப்பு பறவையின் கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள், உடம்போடு ஒட்டி இருக்கிறது. இது தெரிந்துவிட்டால் கால்கள் சரியான இடத்திலிருந்து இறங்க ஆரம்பிக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு குறிப்பு. கோட்டை வாசல் கிழக்குப் பக்கம். அந்தப் பக்கம், அகழிக்கு வெளியே உட்கார்ந்தால் காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை மேல் நேராக ஒளி விழும். மாலையில் இதே இடத்தில் எல்லாமே நிழலுருவமாகத்தான் தெரியும். வண்ணம் தீட்டுபவர்கள் காலையில் வாருங்கள். வெறும் வெளிக்கோடு பழகுபவர்களுக்கு மாலையே நல்லது, விவரம் தெரியாததால் கண் உருவத்தை மட்டும் பிடிக்கும்.

மறைவான செலவு, கூட்டம். முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "இன்னா சார், கொக்கா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். கூச்சப்படுபவர்களுக்கு முதல் சில நாட்கள் கஷ்டம். பதில் சொல்லிவிட்டு வரைந்துகொண்டே இருந்தால் போய்விடுவார்கள். பிள்ளைகள் மட்டும் போகமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடுவது உத்தமம். மாலையில் கொசுவும் உண்டு.

ஊருக்கு வெளியே உள்ள ஏரிகள்

வடாற்காடு ஏரிகளின் பூமி. சதுப்பேரி நகரத்தை ஒட்டியே இருக்கிறது. சென்னை சாலையில் வாலாஜாபேட்டையைத் தாண்டினால் காவேரிப்பாக்கம் ஏரி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்கும் பெரிய ஏரி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த ஏரிகளில் கிடைக்கும் வகைகள் அகழியில் எளிதில் கிடைக்காது: நாமக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், நத்தை குத்தி நாரை, வலசை வரும் வாத்துகள்.

ஆனால் இவை தூரத்தில் இருக்கும். கரையிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் வாத்து ஒரு கரும்புள்ளி. பைனாகுலர் கட்டாயம். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைய முடியாது என்பதால் பார்ப்பது, கீழே வைப்பது, நினைவிலிருந்து வரைவது, மறுபடி பார்ப்பது என்றுதான் வேலை நடக்கும். நினைவாற்றலுக்கு இது அருமையான பயிற்சி, ஆனால் முதல் மாதத்தில் எரிச்சல் வரும். முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) இருந்தால் இரண்டு கையும் விடுதலை. கண்ணை அதில் வைத்துக்கொண்டே வரையலாம். பறவை வரைபவர்கள் அதை விரும்புவது இதனால்தான். விலையும் எடையும் ஆரம்பக்காரருக்கு ஒத்துவராது.

தூரம் ஒரு நல்லதும் செய்கிறது. இறகு விவரம் தெரியாதபோது உருவத்தையும் பறக்கும் விதத்தையும் மட்டுமே வரைய முடியும். கொக்கும் சாம்பல் நாரையும் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும், நத்தை குத்தி நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். நாலே கோட்டில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிட்டால் பெரிய வித்தை கைவசமானது மாதிரி.

செலவுக் கணக்கு இங்கே நிஜமாகவே ஏறும். காவேரிப்பாக்கம் போய்வர ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகும். கரையில் நிழல் குறைவு, தெருநாய்த் தொல்லை உண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் தனியாக, அதிலும் பெண்கள் தனியாக, உட்காருவது உசிதமில்லை. இரண்டு மூன்று பேராகப் போங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏரியே இருக்காது, சீமைக் கருவேலமும் ஆள்காட்டிக் குருவியும்தான் மிஞ்சும். வேடந்தாங்கல் போகலாமே என்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை, வருடத்துக்கு ஒரு முறை, கட்டாயம் போங்கள். கூட்டில் இருக்கும் பறவைகளைக் கரையிலிருந்தே பார்த்து வரையலாம். ஆனால் வாராவாரம் போகிற இடம் அல்ல.

ஜவ்வாது மலை, ஏலகிரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. காட்டுப் பறவையை இலைக்குள் கண்டுபிடிப்பதற்கே நேரம் போய்விடும், வரைய மிஞ்சாது. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும் வேண்டும்.

புகைப்படம் எடுத்து வீட்டில் வரைவது

கேட்பவர்களில் பாதிப்பேர் இந்த முடிவோடுதான் வருகிறார்கள், ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வதில்லை.

படம் அசையாது, அதுதான் அதன் நன்மை. இரவு பத்து மணிக்கும் உட்கார்ந்து வரையலாம். கால் விரல் எத்தனை முன்னே, எத்தனை பின்னே என்று எண்ணலாம். மைனாவுக்கு மூன்று முன்னே ஒன்று பின்னே, செம்போத்துக்கு இரண்டும் இரண்டும். இதெல்லாம் களத்தில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

தீமை என்னவென்றால், படம் ஏற்கெனவே எல்லா முடிவையும் எடுத்துவிட்டது. வெயிலில் வெள்ளைக் கொக்கு வெளிறிப்போயிருக்கும், நீர்க்காகம் மைக்கறை மாதிரி விழுந்திருக்கும். நீங்கள் அதையே நம்பி வரைவீர்கள். இறக்கையடிப்பை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் நிறுத்தினால், மனிதக் கண் ஒருநாளும் பார்த்திராத ஒரு நிலை கிடைக்கும். அப்படியே வரைந்தால் பறவை பறக்காமல் ஆணியில் மாட்டியது போல இருக்கும். ஆரம்பக்காரர் படத்தின் வெளிக்கோட்டை ஓரமாகப் பின்பற்றிப் போவார். உடம்பு உருண்டை என்பதே மறந்துவிடும்.

செலவு? தூரத்துப் பறவைக்குக் கேமராவும் பெரிய லென்ஸும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். லென்ஸ் மாற்றத் தேவையில்லாத பெரிய ஜூம் கேமராவே ஐம்பதாயிரத்துக்கு மேல். அதோடு முடிகிறதா? மெமரி கார்டு, பை, மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க ஏற்பாடு, எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை உட்கார்ந்து கழிக்கும் ராத்திரிகள். கேமரா வாங்கியவர்களில் நிறையப் பேர் நல்ல புகைப்படக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். வரைவது நின்றுவிடுகிறது. தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்லவே.

கையிலிருக்கும் போனே போதுமான ஒரு வழி உண்டு: வீடியோ. அகழிக்கரையில் மடையானை ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதை நிறுத்தாமல் ஓடவிட்டு வரையுங்கள். பறவை அசையும், திரும்பும், மறுபடி அதே நிலைக்கு வரும். களத்தில் நடப்பதேதான், வெயில் மட்டும் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து வீட்டில் பழகுவதில் பிரச்சினை இல்லை. அந்த ஓவியத்தை விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ போகிறீர்கள் என்றால், படம் எடுத்தவரின் காப்புரிமை குறுக்கே வரும். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே ஓரளவு வரையத் தெரிந்து, நீர்வண்ணத்தில் முழு ஓவியமாக முடிக்க விரும்புபவர்களுக்கு. அவர்களும் களத்தில் வரைந்த கோட்டோவியத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, படத்தை விவரம் சரிபார்க்க மட்டும் எடுப்பது நல்லது.

கூண்டுப் பறவை

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி உயிரியல் பூங்கா இருக்கிறது. சின்னப் பூங்காதான். பறவை பறந்து போகாது, கிட்டத்தில் நிற்கும், கண்வளையம், கால் செதில், அலகின் இணைப்பு எல்லாம் தெரியும். விவரம் பழகுவதற்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை போகலாம். வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது.

கம்பி வலையில் உரசி வால் நுனி தேய்ந்திருக்கலாம், நிற்கும் தோரணை மந்தமாக இருக்கலாம். அதைப் பார்த்து வரைந்த உடம்பைக் காட்டில் வைத்தால் பொருந்தாது. பாடம் செய்த பறவைகளைப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. இறகு வரிசையைப் படிக்க நல்லது, தோரணைக்கு உதவாது.

"ஒரு கிளி வாங்கி வைத்துக்கொண்டால்?" என்று கேட்பவர்களும் உண்டு. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | கண்முன் நிற்கும் நேரம் | தூரம் | தொடக்கச் செலவு | மறைவான செலவு | எப்போது |
|---|---|---|---|---|---|
| மொட்டை மாடி | குறைவு, ஆனால் தினமும் வரும் | மிகக் கிட்டம் | ஐந்நூறுக்குள் | சலிப்பு | ஆண்டு முழுக்க |
| அகழிக்கரை | நிமிடக் கணக்கில் | கிட்டம் | அதே | வேடிக்கை பார்ப்பவர்கள், கொசு | தண்ணீர் இருக்கும்போது, காலை |
| ஏரி | அதிகம் | வெகு தூரம் | பைனாகுலர் | பெட்ரோல், ஒரு காலைப்பொழுது, வெயில் | டிசம்பர்–பிப்ரவரி |
| புகைப்படம் | வேண்டிய மட்டும் | பொருட்டில்லை | ஐம்பதாயிரம் முதல், போன் வீடியோ என்றால் இலவசம் | படம் கழிக்கும் நேரம், செத்த கோடு | எப்போதும் |
| கூண்டு | வேண்டிய மட்டும் | மிகக் கிட்டம் | பயணம், நுழைவுச்சீட்டு | பொய்யான தோரணை | வார நாள் |

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

புதிதாகத் தொடங்குபவர் என்றால் மாடியும் அகழியும்தான், வேறு யோசனையே வேண்டாம். வாரநாளில் மாடியில் பத்துப் பதினைந்து நிமிடம், ஞாயிறு காலை அகழிக்கரையில் ஒரு மணி நேரம். வீடு காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருந்தால் அகழிக்குப் பதில் பக்கத்து ஏரியோ, மழைக்குப் பின் பாலாற்றில் தேங்கிய குட்டையோ போதும். மடையான் இல்லாத தண்ணீர் நம்மூரில் இல்லை. ஏரிக்குப் போவதை அடுத்த டிசம்பருக்குத் தள்ளிப்போடுங்கள்.

பணி ஓய்வு பெற்று, நேரமும் கொஞ்சம் பணமும் இருப்பவர்கள் நேராக ஏரியில் தொடங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு ஸ்டூல் ஒன்றை எடுத்துப்போங்கள், கரைச் சரிவில் சம்மணம் போட முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூண்டுப் பறவையில் ஆர்வம் பிறக்கும் என்றால் அங்கேயே தொடங்கட்டும், அடுத்த வாரமே மாடிக் காகத்துக்கு வந்துவிட வேண்டும்.

பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால் கேமராவை விட்டுவிட்டுப் பைனாகுலர் வாங்குங்கள். 8×42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு கேட்டு வாங்கினால் கைநடுக்கமும் பத்து மடங்கு தெரியும், பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். கடையில் வாங்குவதற்கு முன் வாசலுக்குக் கொண்டுவந்து, எதிர்க் கட்டடத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் புறாவை ஒரு நிமிடம் பாருங்கள். தலைவலிக்கிற மாதிரி இருந்தால் அந்த ஜோடி வேண்டாம், அடுத்ததைக் கேளுங்கள்.

மீதிக் காசுக்கு நல்ல தாள். வண்ணம் தொடப்போகிறீர்கள் என்றால் 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாமல் வாங்குங்கள், மெல்லிய ட்ராயிங் நோட்டு தண்ணீர் பட்டதும் அலையலையாகிவிடும். கோடையில் தாளில் வண்ணம் பரவுவதற்குள் காய்ந்துபோகும். அதனால் வண்ணப்பெட்டியை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொண்டு, சித்திரை வைகாசியில் வெறும் பேனாவோடு மாடியிலேயே இருந்துவிடுங்கள்.